தம்பி கொடுத்த நாற்று

ஐப்பசி, வியாழன் இரவு.

நெல் இலைகள் ஓரமாக வெளுத்துக் காய்கின்றன. வேளாண்மை அலுவலரம்மா வந்து பார்த்தார்.

"பாக்டீரியா இலைக்கருகல்ங்க. நடும்போது நாத்து நுனியை அறுத்தீங்களா? அந்த வெட்டு வழியா உள்ள பூந்துடும். பயிரோட எதிர்ப்பை அடக்கிட்டு, பயிரையே தனக்குச் சர்க்கரை ஊட்ட வச்சிடும்" என்றார்.

நாற்று கொடுத்ததும், உயரமாகிவிட்டது என்று நுனி அறுத்ததும் என் தம்பி சேகர்தான். போனில் கேட்டேன்.

"எங்க நாத்தங்கால்ல அப்பவே காஞ்சிக்கினுதான் இருந்துச்சிக்கா. தூக்கிப் போட மனசு வரல."

தெரிந்தேதான் கொடுத்திருக்கிறான். சொல்லும்போது குரல்கூட மாறவில்லை.

பயிரை என்ன குறை சொல்ல? அன்று வரப்பில் உட்கார்ந்து அவன் அறுத்துக்கொண்டிருந்தபோது, சர்க்கரை தூக்கலாகப் போட்டு டீ கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.