வலது கண்ணில் ஒரு பிறை

ஜனவரி 27

ஹாலில் இருக்கும் ஸ்விட்ச் போர்டை இன்றைக்கு மூன்றாவது தடவையாகக் கழற்றி மாட்டினேன். ஓரமாக ஒரு பொறி அடிக்கிறது. வெள்ளையாக, வளைந்து, ஒரு நொடிதான். எங்கேயோ வயர் லூஸ் என்று நினைத்து முழுசாக மாற்றினேன். மறுபடியும் அடித்தது. கடைசியில் மெயினையே அணைத்துப்போட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் அடிக்கிறது!

நாற்பது வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான். கரண்டே இல்லாத வீட்டில் பொறி பறந்தால் எந்த மீட்டரை வைத்துப் பார்ப்பது?

என் வீட்டுக்காரி ரம்ஜான் பீவி கரண்டியோடு வந்து நின்றாள். "ஏனுங்க, நல்லா இருந்த போர்டை எதுக்குங்க நோண்டறீங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே." அவளுக்கு எதுதான் தெரிந்தது. ஃபேன் வேறு இப்போது சுற்ற மாட்டேன் என்கிறது.

ஜனவரி 30

அன்னூர் நஞ்சப்பன் போர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். தோட்டத்தில் வாழை காய்கிறதாம், நாளைக்கே வேண்டுமாம். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். காயிலுக்கு மேலே ஒரு கம்பித் துணுக்கு கிடந்தது. எடுக்கப் போனேன், நழுவியது. மறுபடி எடுக்கப் போனேன், மறுபடி நழுவியது.

"பாய், என்னத்தைங்க அப்படிப் பொறுக்கறீங்க?"

"கம்பிங்க. பிசிறு."

"எங்கீங்க கம்பி? சுத்தமால்ல இருக்குது."

கையை எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். சுவரிலும் அதே கம்பி. கூடவே நாலைந்து புள்ளி. நஞ்சப்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், "டீ சொல்லட்டுங்களா?" என்று பேச்சை மாற்றினேன்.

பிப்ரவரி 3

இல்லாத கொசுவை இன்று ஆறு தடவை அடித்தேன். ஒரு தடவை என் கன்னத்திலேயே.

பிப்ரவரி 8

இன்று ஷஃபான் மாதம் இருபத்தொன்பது. நோன்புப் பிறை பார்க்கிற நாள். பள்ளிவாசல் மொட்டை மாடியில் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். மேற்கே மலைக்கு மேலே மேகம் அடைத்துக்கொண்டு நின்றது. எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள், நடுநடுவே என்னையும் பார்க்கிறார்கள். பதினேழு வருஷமாக எங்கள் மொஹல்லாவில், அதாவது இந்தப் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில், முதலில் பிறையைப் பார்க்கிறவன் நான்தான். 'சிக்கந்தர் பாய் கண்ணு' என்று ஒரு பேச்சே உண்டு. எனக்கும் அதில் கொஞ்சம் திமிர் உண்டு, இல்லை என்று இங்கே எதற்கு எழுத வேண்டும்.

மேகம் ஒரு இடத்தில் விலகியது. பார்த்தேன். வெள்ளையாக, மெலிசாக. "அதோ!" என்று கையை நீட்டினேன். உடனே மூடிக்கொண்டது. பக்கத்தில் நின்ற என் பெரியக்கா மகன் ரைஹானும், "ஆமா மாமா, தெரிஞ்சுது!" என்றான். அவனுக்கு முப்பத்தைந்து வயது, நல்ல கண்.

பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் எங்கள் இரண்டு பேரிடமும் சாட்சி கேட்டார். சொன்னோம். நாளை முதல் நோன்பு என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பக்கத்து இரண்டு மொஹல்லாக்களும் எங்கள் பேச்சைக் கேட்டே அறிவித்தன. பெரியவர்கள் வந்து கையைப் பிடித்தார்கள். சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 10

மேட்டுப்பாளையத்திலிருந்து சின்னக்கா உம்மல் குல்சும் போன். "என்னடா, உங்களுக்கு இன்னைக்கு ரெண்டாவது நோன்பாமா? இங்க யாருமே பிறை பார்க்கலை. எங்களுக்கு இன்னைக்குத்தான் ஒண்ணு. உனக்கு மட்டும் தனியா நிலா கட்டி வச்சிருக்காங்களா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 13

ராத்திரி நோன்பு மாதத் தொழுகையில், தராவீஹில், நின்றிருந்தேன். கண்ணை மூடியிருந்தேன். மூடிய கண்ணுக்குள் அடித்தது. வலது ஓரத்தில், வெள்ளையாக, மெலிசாக, வளைந்து.

என்ன ஓதினார்கள் என்றே காதில் விழவில்லை. அப்போ வீட்டில் அடித்ததும் இதுதானா? அப்போ அன்றைக்கு மாடியில்—

இல்லை. அது வானத்தில் இருந்தது. நான் பார்த்தேன்.

பிப்ரவரி 15

நோன்போடு கண்ணில் சொட்டு மருந்து விடலாமா என்று தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தேன். எழுதும்போது ஒழுங்காகத்தான் தெரிகிறது இந்தக் காரணம். உண்மையான காரணம் பயம். பீவியே ஹஜ்ரத் வீட்டில் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். "கண்ணுல மருந்து உட்டா நோன்பு முறியாதுன்னு சொல்லிப்போட்டாங்க. இனி என்ன சாக்குங்க?" என்றாள்.

பிப்ரவரி 17

டாக்டர் பொற்கொடி. சின்ன வயசுதான், ஆனால் பேச்சில் ஒரு அதட்டல். மருந்து விட்டு, கண் பாப்பா விரிந்ததும், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகு நேரம் பார்த்தார். மேலே பாருங்க, கீழே பாருங்க, மூக்கைப் பாருங்க.

"மின்னல் அடிக்க ஆரம்பிச்ச அன்னிக்கே வந்திருக்கணுமுங்க. மூணு வாரமா என்ன பண்ணீங்க?"

"ஸ்விட்ச் போர்டு மாத்தினேனுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அவர் சொன்னதை மறப்பதற்குள் எழுதுகிறேன். கண்ணுக்குள் கூழ் மாதிரி ஒன்று நிரம்பியிருக்கிறதாம். வயசானால் அது சுருங்கி, பின்னால் இருக்கும் விழித்திரையை விட்டு உரிந்து வருமாம். உரியும்போது இழுக்கிறது, அந்த இழுப்புதான் மின்னல். கூழில் மிதக்கிற தூசுதான் கம்பி, கொசு எல்லாம். விழித்திரை கிழியவில்லை, நல்ல காலம். மருந்து கிடையாது. மின்னல் தானாகக் குறையும், தூசு பழகிப்போகும். திரை மாதிரி இருட்டு இறங்கினாலோ, புள்ளிகள் திடீரென்று கொட்டினாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாசம் கழித்து.

மருந்தே இல்லாததற்கு எதற்கு இவ்வளவு பெரிய மெஷின் என்று தெரியவில்லை. ஆனால் நான் கேட்டது அதை அல்ல.

"டாக்டரம்மா, அந்த மின்னல்... பிறை மாதிரித் தெரியுமுங்களா?"

"வளைஞ்ச கோடு மாதிரின்னு நிறையப் பேர் சொல்லுவாங்க. மங்கல் வெளிச்சத்துல நல்லாத் தெரியும். தலையைத் திருப்பினா, கண்ணைத் திருப்பினா அடிக்கும். ஏனுங்க?"

"சும்மாத்தானுங்க."

வெயிலில் கண் கூசிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பிறை பார்த்த மக்ரிப் நேரமும் பொழுது சாய்ந்த மங்கல் வெளிச்சம்தானே. மேகம் விலகிய பக்கம் சட்டென்று தலையைத் திருப்பினேன்தானே.

பிப்ரவரி 18

பார்த்தேனா, பார்க்கவில்லையா?

நினைத்துப் பார்க்கிறேன். முதல் தடவை நினைக்கும்போது பிறை மலைக்கு மேலே நிற்கிறது. இரண்டாம் தடவை தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நிற்கிறது. மூன்றாம் தடவை அதன் கொம்பு தலைகீழாக இருக்கிறது. நினைக்க நினைக்க இருந்ததும் கலைகிறது. இனிமேல் நினைக்கக் கூடாது. எப்படி நினைக்காமல் இருப்பது?

ரைஹான் இருக்கிறானே. அவனும்தானே பார்த்தான்.

பிப்ரவரி 19

அவனுடைய செல்போன் கடைக்குப் போனேன். சும்மா பேசுகிற மாதிரிதான் ஆரம்பித்தேன். "அன்னிக்குப் பிறை எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு ரைஹான்?"

தலையைச் சொறிந்தான். "அது... நீங்க கையைக் காட்டினீங்க மாமா. நீங்க காட்டினா அங்க இருக்கும். நானும் ஏதோ வெள்ளையாப் பார்த்த மாதிரி இருந்துச்சு, ஆமான்னுட்டேன்."

"பார்த்த மாதிரின்னா? பார்த்தியா, இல்லையா?"

"நீங்க பார்த்தீங்கல்ல? அப்புறம் என்னுங்க மாமா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன கேட்பது? அவன் என் கண்ணை நம்பினான். நானும் அதைத்தானே நம்பினேன். ஆகமொத்தம் மூன்று மொஹல்லா ஜனங்களும் நோன்பு வைத்திருப்பது இந்த ஒரு வலது கண்ணை நம்பி. அல்லாஹ்வே.

பிப்ரவரி 20

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறை மாசம் இருபத்தொன்பது நாள், இல்லாவிட்டால் முப்பது. இருபத்தெட்டும் கிடையாது, முப்பத்தொன்றும் கிடையாது. எங்களுடைய இருபத்தொன்பதாம் நோன்பு அன்று சாயங்காலம் பெருநாள் பிறை தெரிந்தால் நாங்கள் ஆரம்பித்த நாள் சரி. முப்பது முடிந்தும், வானம் சுத்தமாக இருந்தும் பிறை இல்லாவிட்டால், நான் இல்லாததைப் பார்த்துச் சொன்னவன். மார்ச் 9, இல்லை மார்ச் 10. அதுவரை இப்படியேவா?

பீவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "ஹஜ்ரத்துகிட்டச் சொல்லிப்போடுங்க. உள்ள வச்சுக்கிட்டு நீங்க விடியறதுக்கு முன்னால சஹருக்கு ரெண்டு வாய்கூடத் திங்கறதில்லை" என்றாள்.

பிப்ரவரி 22

சொன்னேன். ஹஜ்ரத் என்னைவிட இருபது வயசு இளையவர். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்குப் பார்த்தோம்னு நம்பித்தானுங்களே சொன்னீங்க பாய்?"

"ஆமாங்க."

"அப்ப அது பொய் இல்லீங்க. மேகமா இருந்தா நோன்புக்கு ஒரு சாட்சி போதும். பெருநாளைக்கு ரெண்டு பேர் வேணும், அதுல கவனமா இருந்துக்கலாம். முப்பது முடிஞ்சும் பிறை தெரியலைன்னா இன்னொரு நோன்பு வைக்கச் சொல்லிடறேனுங்க."

"ஜனங்ககிட்ட நான் சொல்லணுமுங்களா?"

"அது உங்க மனசு, பாய்."

இப்படிச் சொல்லி அனுப்பிவிட்டார். என் மனசு என்ன சொல்கிறது என்று தெரிந்திருந்தால் நான் எதற்கு அவரிடம் போகிறேன்?

பிப்ரவரி 26

நோன்புக் கஞ்சி வாங்கும் வரிசையில் ஒருத்தர், "இந்த வருஷம் உங்க புண்ணியத்துல ஒரு நோன்பும் தப்பலைங்க பாய்" என்றார். சொல்ல வாயெடுத்தேன். கஞ்சியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோழை.

மார்ச் 2

மின்னல் குறைந்திருக்கிறது. நேற்று இரண்டு, இன்று ஒன்று. கம்பி மட்டும் அப்படியே. காயிலின் மேலே அது வந்து நின்றால் கண்ணை ஒரு தரம் மேலும் கீழும் ஓட்டுகிறேன், ஒதுங்கிவிடுகிறது. டாக்டர் சொன்ன வித்தை. மின்னல் குறைவது நல்லதுதான். ஆனால் இனி அது அடிப்பதை வைத்து அன்றைக்குப் பார்த்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது. இப்படி யாராவது யோசிப்பார்களா? பைத்தியம் பிடிக்கப் போகிறது.

மார்ச் 8

நாளைக்கு மாடிக்குப் போக மாட்டேன் என்றேன். "நீங்க போகலைன்னா ஊடு தேடிக் கூப்பிட வந்துருவாங்க" என்றாள் பீவி. அதுவும் சரிதான்.

மார்ச் 9

இருபத்தொன்பதாவது நோன்பு. பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்து, தொழுதுவிட்டு மாடிக்குப் போனேன். இன்றைக்கு நூறு பேருக்கு மேல். வானம் சுத்தம், மலை ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் புகை மாதிரி. நான் படியேறி வந்ததும் வழி விட்டார்கள். முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒருத்தரும் மேற்கே பார்க்கவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்! நான் சும்மா கையை நீட்டினால் போதும், நூறு பேரும் பார்த்துவிடுவார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

"என்னை எதுக்கப்பா பார்க்கறீங்க, வானத்தைப் பாருங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "என் வலது கண்ணு சரியில்லைங்க. இல்லாத வெளிச்சம் தெரியுது. அன்னிக்கு நான் பார்த்தது பிறைதானான்னு எனக்கே இப்ப நிச்சயமில்லைங்க. என்னை நம்பாதீங்க. நீங்களே பாருங்க."

பின்னாலிருந்து ஒரு குரல்: "இதைச் சொல்ல ஒரு மாசமா ஆச்சு?" ரைஹானின் முகம் செத்துப்போயிருந்தது. ஹஜ்ரத்தான், "பாய் சொன்னது கேட்டுச்சுல்லீங்க? எல்லாரும் தனித்தனியா நில்லுங்க. தெரிஞ்சா கத்தாதீங்க, கையைக் காட்டாதீங்க. எங்கிட்ட வந்து காதுல சொல்லுங்க" என்றார்.

எல்லோரும் விலகி நின்று மேற்கே திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. தலையைக் குனிந்து காலடியில் இருந்த தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தால் என் முகத்தைப் பார்த்து யாராவது எதையாவது பார்த்துவிடக் கூடாதே என்று.

ஒருத்தர் நடந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொருத்தர். பிறகு மூன்று நான்கு பேர். ஹஜ்ரத் ஒவ்வொருவரிடமும் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், கொம்பு எங்கே என்று தாழ்ந்த குரலில் கேட்பது காதில் விழுந்தது. பதினொரு பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள். அதில் ரைஹானும் ஒருத்தன். "நானே பார்த்தேன் மாமா. யாரும் காட்டலை" என்று என்னிடம் வந்து சொன்னான். 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் முழங்க ஆரம்பித்தது. அதற்கப்புறம் நிமிர்ந்து பார்த்தேன், மலை பிறையை விழுங்கிவிட்டிருந்தது.

வீட்டுக்கு வருவதற்குள் சின்னக்காவின் போன். "அடப்பாவி, எங்களுக்கு இன்னைக்கு இருபத்தெட்டுதான்டா! பெருநாள் கழிச்சு, விட்டுப்போனதுக்கு ஒரு நோன்பு களா வைக்கணும்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கே உன் பேச்சைக் கேட்டிருக்கணும். கண்ணுன்னா சிக்கந்தர் கண்ணு!" நான் சொல்ல வந்ததைக் கேட்காமலே வைத்துவிட்டாள்.

பீவி பெருநாள் பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "பார்த்தீங்களா? அப்ப அன்னிக்கு நீங்க பார்த்தது நெசந்தானுங்களே?"

"அன்னிக்குப் பிறை இருந்தது நெசம்" என்றேன்.

"அதைத்தானுங்க நானும் கேட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் இரண்டு வெங்காயம் உரித்தேன்.