சுண்ணாம்பு போட்ட ஆறு செடிகள்

என்னங்க,

எழுப்பினால் மறுபடியும் சண்டை வரும். அதனால் எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன் தோட்டத்துக்குப் போங்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

நம் பெண் குச்சி நட்டு வளர்த்த குட்டை ரோடோடென்ட்ரான் பூச்செடி ஆறும் மஞ்சளாகிவிட்டன. பனியிலும் இலை உதிர்க்காத செடிகள். புளிப்பு மண்ணில், அதாவது அமில மண்ணில்தான் பிழைக்கும். அதில் போய், புளிப்பை முறிக்கிற சுண்ணாம்புத் தூளைக் கொட்டியிருக்கிறீர்கள். கேட்டால், "முட்டைக்கோசுக்குப் போட்டேன், நல்லாத்தானே வந்துச்சு!" என்கிறீர்கள்.

வேர் மேலாகத்தான் இருக்கும். மண்வெட்டி வேண்டாம், கையால் தோண்டுங்கள். மழைத்தண்ணீரில் அலசி, கொட்டகையில் இருக்கும் பைன் சருகு மண்ணில் வையுங்கள். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது, அதிலும் சுண்ணாம்புதான். கொட்டகைச் சாவி சமையலறை ஆணியில்.

நாலு மணிக்கு அவள் வருகிறாள். உங்களோடு கோபித்துக்கொண்டு போனவள், மூன்று வருஷம் கழித்து! "செடியைப் பார்க்கத்தாம்மா வரேன், அப்பாவைப் பார்க்க இல்ல" என்றாள். அந்தச் சாக்கும் செத்துப்போனால் எதைப் பார்க்க வருவாள்?

பி.கு: "நீங்க கை வெச்சது எது உருப்பட்டுச்சு?" என்று நேற்று நான் கத்தியது தப்பு.

இன்னொன்று: செடி தேறாது என்று தோன்றினால், சுண்ணாம்பு போட்டது அம்மா என்று சொல்லிவிடுங்கள். என்னோடு பத்து நாள் பேசமாட்டாள், அவ்வளவுதான். நீங்கள் கதவைத் திறந்து, "வாம்மா" என்று மட்டும் சொல்லுங்கள்.