எனக்காக அறுபது கிலோமீட்டர்

மார்ச் 3

வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறிவித்தார். மார்பகப் புற்றுநோய் நிதிக்காக அவர் அலுவலகத்தார் நடைப்பயணம் போகிறார்களாம். மூன்று நாள், அறுபது கிலோமீட்டர். "உனக்காகத்தான் பேர் குடுத்தேன்" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. முனைக் கடையில் பால் வாங்கவே ஸ்கூட்டரை எடுக்கிற மனிதர். 

மார்ச் 8

பயிற்சி நடை, நான்கு கிலோமீட்டர். திரும்பி வந்து சோபாவில் விழுந்தவருக்குக் கால் வைக்க வெந்நீர் கொண்டுவந்தேன். எனக்கு அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த வீட்டில் நோயாளி யார் என்று இன்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மார்ச் 12

டி-ஷர்ட்டில் என் படம் போடுகிறார்களாம். இப்போதைய முகம் சரிப்படாதாம் — முடி இன்னும் விரல்கடை அளவுக்குத்தான் வளர்ந்திருக்கிறது. அதனால் கல்யாணப் படம். சுற்றிலும் பூ வரைந்து, கீழே 'உனக்காக நடக்கிறோம்'. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 16

இருபத்திரண்டு டி-ஷர்ட்டும் வந்தன. எல்லாம் ஒரே அளவு, மேனேஜரின் அளவு. அதற்குள் இரண்டு பேர் படுத்து உருளலாம். நான் தையல்காரி ஆயிற்றே, மூட்டை நேராக என் மிஷின் மேல் வந்து இறங்கியது.

"நீயே பிடிச்சுக் குடுத்தா அதுல ஒரு உணர்வு இருக்கும்ல?"

வலது கைக்கு வேலை கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னது இவருக்கும் தெரியும். உணர்வுக்கு முன்னால் டாக்டர் எம்மாத்திரம்! இன்று ஐந்து முடித்தேன். ஒல்லியான ஒருவருக்கு இரண்டு பக்கமும் பிடித்ததில் படத்திலிருந்த என் காது தையலுக்குள் போய்விட்டது.

மார்ச் 19

ஸ்கேன் எடுத்தாயிற்று. முடிவு இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு. யாரையாவது கூட அழைத்து வரச் சொன்னார்கள். நடை இருபத்தேழிலிருந்து இருபத்தொன்பது வரை.

"தேதியை மாத்த முடியாதா?" என்றார்.

"நடையோட தேதியையா?"

"ஸ்கேனோட தேதியைச் சொல்றேன்."

மார்ச் 20

பயமா இருக்கு. போன தடவை தனியாத்தான் உட்கார்ந்து கேட்டேன். டாக்டர் வாய் அசையுது, ஒண்ணும் காதுல விழல. மறுபடியும் என்னால அப்படி உட்கார முடியாது. இதை அவர்கிட்ட சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

மார்ச் 22

சொன்னேன்.

"இத்தனை பேர் உனக்காக நடக்குறாங்க. நான் மட்டும் வரலைன்னா என்ன நினைப்பாங்க?"

மிச்சமிருந்த ஆறு டி-ஷர்ட்டையும் முடித்துக் கொடுத்தேன். கை வீங்கியிருக்கிறது.

மார்ச் 27

காலை ஏழு மணிக்கு மைதானத்துக்கு வழியனுப்பப் போனேன். மைக் பிடித்தவர் டி-ஷர்ட்டில் இருந்த படத்தைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"இந்தச் சகோதரியோட ஆத்மா சாந்தியடைய ரெண்டு நிமிஷம் மௌனமா நிப்போம்."

பல அலுவலகங்களிலிருந்து வந்திருந்த நானூறு பேர் தலை குனிந்தார்கள். நானும் குனிந்தேன். எல்லாரும் அவ்வளவு மரியாதையாக நிற்கும்போது, கையை ஆட்டி 'இதோ இருக்கேன்' என்றா சொல்வது? பக்கத்தில் நின்ற அம்மா என் காதோரம் "பாவம், சின்ன வயசு" என்றார். கல்யாணப் படம் அல்லவா.

இவரைத் தேடினேன். முன்வரிசையில் தலை குனிந்து நின்றார். என்னை நேரில் பார்த்திராத மேனேஜர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஏன்யா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? உசிரோட இருக்கான்னு ஒரே ஒரு வார்த்தை! என்ன குடி முழுகிப் போயிடும்?

நடை கிளம்பியது. நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 28

பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ரோஸ் நிற டி-ஷர்ட் நொண்டி நொண்டி வந்தது. ஷூவைக் கையில் பிடித்திருந்தார். வார்டு ஊழியர் ஓடிப்போய் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். "பேஷன்ட் நான்தாங்க" என்று நானே போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

"என்ன, அறுபதும் முடிஞ்சுதா?"

"வழி நெடுக எல்லாரும் துக்கம் விசாரிச்சாங்க. முதல்ல பத்துப் பேருக்கு 'இல்லைங்க, உசிரோட இருக்கா'ன்னு சொன்னேன். அப்புறம் சரிங்க, சரிங்கன்னு தலையாட்ட ஆரம்பிச்சுட்டேன். இன்னிக்குக் காலைல ஒரு பெரியவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, கடைசி நேரத்துல கூட இருந்தீங்களான்னு கேட்டாரு."

 ஷூவைக் கீழே வைத்துவிட்டு, "அங்கேயே பஸ் ஏறிட்டேன்" என்றார்.

"நேத்து ஏன் வாயைத் திறக்கல?"

"எல்லாரும் நின்னாங்க..."

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். ஆனால் நானும் அதே காரணத்துக்காகத்தானே நின்றேன்!

பதினோரு மணிக்கு இரண்டு பேருமாக உள்ளே போனோம். ஈரலில் ஒரு புள்ளி இருக்கிறதாம். மறுபடியும் மருந்து ஏற்ற வேண்டும். டாக்டர் சொன்னதையெல்லாம் இவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது.

ஏப்ரல் 2

நான் உயிரோடிருக்கிற விஷயத்தை மேனேஜரிடம் சொல்லிவிட்டாராம். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று அவர் வருத்தப்பட்டாராம்.

ஏப்ரல் 9

முதல் மருந்து. ஏறி முடிய நாலு மணி நேரம் ஆகும், சார் வேணும்னா வீட்டுக்குப் போயிட்டு வரட்டும் என்றார் நர்ஸ். இவர் போகவில்லை. என் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான் பார்த்துக்குறேன், நீ தூங்கு" என்றார். கால் மணி நேரத்தில் அவர்தான் தூங்கினார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டும் குறட்டை. பக்கத்துக் கட்டில்காரம்மா, "அவரைக் கொஞ்சம் எழுப்புங்களேன்" என்றார்.

எழுப்ப எனக்கு மனசு வரவில்லை.