வேப்பிலை கட்டிய வாசல்

சிவமயம்

பண்டத்தரிப்பு,
1936, ஆவணி.

அன்புக்குரிய அத்தானுக்கு நாகேஸ்வரி எழுதிக்கொள்வது. நான், மாமி, பிள்ளை மூவரும் சுகம். மலாயாவில், ஈப்போவில் நீங்களும் சுகமாயிருக்க நகுலேசர் அருள வேண்டும். எங்கள் சுகம் வழக்கத்துக்கு எழுதியதல்ல, உண்மையான சுகம். உங்கள் போன கடிதத்துக்கு நான் பதில் போடாமல் இருந்த காரணத்தை இப்போதுதான் பயமில்லாமல் எழுத முடிகிறது.

நான் அனுப்பிய படத்தைப் பார்த்து, முகம் ஏன் கறுத்துக் கிடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். குணலட்சுமி வயிற்றில் இருந்தபோது கன்னங்களில் விழுந்த கறுப்பு அது. நீங்கள் கப்பல் ஏறிய பின் வந்ததால் உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு அது ஒரு வரி. எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமியைக் கூட்டிக்கொண்டு பட்டணத்தில் ஒரு டாக்குத்தரம்மாவிடம் போனேன். அவர் கன்னத்தில் ஒரு மருந்து பூசினார். பச்சைமிளகாயை அரைத்து அப்பியது போல எரிந்தது. மேல்தோல் கருகி உரிந்து விழும், அடியில் புதுத்தோல் வரும் என்றார். தாதி பெர்னடெட் வாசல்வரை வந்து, "தங்கச்சி, உரியிற தோலைப் பிடுங்கிப்போடாதை, தானாய் விழட்டும். வெயில் படக்கூடாது, அடுப்படிப் பக்கமும் போகாதை" என்று சொல்லி, வசிலீன் போத்தல் ஒன்றும் தந்தாள்.

தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கிற காலத்தில் வெயிலுக்குப் போகாத மருமகளை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? அதற்கும் வழி பிறந்தது. என் முகத்தில் தோல் வெங்காயச் சருகாய்த் தொங்குவதை வேலிக்கு மேலால் கண்ட பக்கத்து வளவு அருமைநாயகி அக்கா, எனக்குக் கொப்புளிப்பான் அம்மை, வீட்டுக்கு அம்மாள் வந்திருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மாமி மறுப்பார் என்று பார்த்தால், "அம்மாள் எண்டே இருக்கட்டும். முகத்துக்கு மருந்து பூசினவள் எண்டால் சனம் சிரிக்கும்" என்று சொல்லி வாசலில் வேப்பிலையைக் கட்டிவிட்டார். அதன்பின் ஒருவரும் படலையைத் திறக்கவில்லை. நான் இருட்டறையில் ராசாத்தி மாதிரிக் கிடந்தேன், உங்கள் அம்மா சமைத்துத் தந்தார். மஞ்சள் அரைத்து முகத்தில் பூச வந்தபோது மட்டும் சண்டை பிடித்தேன். அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுப் பொங்கலும் வைத்துவிட்டோம்.

ஆனால் அத்தான், ஒன்றுதான் என்னைக் கொன்றது. பிள்ளை என்னைக் கண்டால் வீரிட்டு அழுதாள். கை நீட்டினால் மாமியின் சேலைக்குள் ஒளிந்தாள். கன்னத்தில் தழும்பு நின்றுவிட்டால் இவள் என்னிடம் வரவே மாட்டாளோ என்று நான் பட்ட பயம் கடவுளுக்குத்தான் தெரியும்.

இப்போது தோலெல்லாம் விழுந்துவிட்டது. தழும்பில்லை. கறுப்பு முற்றாகப் போகவில்லை, மங்கலாய் நிற்கிறது, போதும். வெளியே போனால் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்கிறேன், வசிலீனும் பூசுகிறேன். நேற்று முற்றத்தில் நின்ற பிள்ளை என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு ஓடிவந்து "அம்மா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் அழுத அழுகையைப் பார்த்து மாமியும் அழுதுவிட்டார்.

என் முகம் அவளுக்குத் திரும்பவும் தெரிந்துவிட்டது. உங்கள் முகத்தை அவள் கண்டதே இல்லை. அதற்கு டாக்குத்தரம்மாவிடம் மருந்து கிடையாது. வருகிற லீவுக்கு எப்படியும் வாருங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
நாகேஸ்வரி