நிச்சயமா என்று கேட்கும் பெட்டி

24 ஆகஸ்ட் 2015, திங்கள்

காஜா பெராங் கடைகளில் மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கொடி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஆபீஸ் மாடிப்படிக் கைப்பிடியிலும் ஒன்று.

தேவதாஸிடம் மறுபடி கேட்டேன். டயாலிசிஸ் நிலையத்துக்கு நாங்கள் செய்து கொடுத்த, சிகிச்சை நாள்களைக் குறிக்கும் இணையப் பதிவில் எதை நீக்கினாலும் ஒரே பெட்டிதான் வருகிறது. பிரவுசரே போடும் சாம்பல் நிறப் பெட்டி. ‘நிச்சயமா?’ என்று மலாயில் ஒரு சொல், கீழே ‘ஓகே’, ‘கேன்சல்’. யாருடைய பதிவு, ஒரு நாளா எல்லா நாளுமா – ஒன்றும் சொல்லாது. நான் சேர்வதற்கு முன்பே யாரோ எழுதியது. நானே புதிதாக ஒன்று செய்கிறேன் என்றேன்.

“ஓடறத ஏன் நோண்டற மும்தாஜ்? அவங்க கேட்டாங்களா? மெர்டேக்கா கழியட்டும் லா.”

முதலாளி அவர். விட்டுவிட்டேன்.

27 ஆகஸ்ட்

புக்கிட் காதில் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் பஞ்சர். நல்ல மழை.

3 செப்டம்பர், வியாழன்

நல்லையா இறந்துவிட்டார்.

எனக்கு அவரை அவ்வளவாகத் தெரியாது. பழைய லாரி டிரைவர், மனைவி இல்லை, தனியாக இருந்தவர். நிலையத்துக்கு நான் போகும்போதெல்லாம் ஜன்னலோர நாற்காலியில் ரத்தம் சுத்திகரிக்கும் மிஷினோடு படுத்திருப்பார். “கம்ப்யூட்டர் டாக்டர் வந்தாச்சு” என்பார்.

திங்கள், புதன், வெள்ளி அவருடைய முறை. போன வெள்ளிக்கிழமை பேத்தியின் நிச்சயதார்த்தம். அதனால் வியாழனே வந்து சிகிச்சையை முடித்துக்கொண்டு, வெள்ளியை மட்டும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். வரவேற்பில் இருக்கும் கமலவேணி அக்கா எடுத்தார். வெள்ளியோடு எல்லா நாளும் போய்விட்டது. அவருடைய இடம் காத்திருப்பில் இருந்த ஒருவருக்குப் போனது. நோயாளிகளை ஏற்றிவரும் வேன் டிரைவரின் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

திங்கள் வேன் வரவில்லை. மெர்டேக்கா லீவு என்று நினைத்திருக்கிறார். செவ்வாய் நிலையத்துக்குப் போன் அடித்திருக்கிறார், யாரும் எடுக்கவில்லை. நேற்று மூச்சு முட்டி, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள்…

ஒரு பெட்டி. வெறும் ஒரு பெட்டி.

5 செப்டம்பர்

குருபோங்கில் கமலவேணி அக்கா வீட்டுக்குப் போனேன். வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வாசலிலேயே நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“நான் வெள்ளிக்கிழமயத்தான் எடுத்தேன் மும்தாஜ். நிச்சயமான்னு கேட்டுச்சு. நிச்சயம்தானே? ஓகே அமுக்கினேன்.”

பிறகு, “அது என்ன கேக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார்.

7 செப்டம்பர், திங்கள்

தேவதாஸே கூப்பிட்டார். “நீ கேட்டியே, அந்தப் பெட்டி – செஞ்சிரு. வியாழக்கிழமை நிலையத்துல விசாரணை. அதுக்குள்ள சிஸ்டத்துல ஏத்திரு.”

ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

8 செப்டம்பர்

முடித்துவிட்டேன். பின்னால் பக்கம் மங்கும், பெட்டி மட்டும் தெரியும். மேலே நோயாளியின் பெயர், கொஞ்சம் பெரிதாக. “28 ஆகஸ்ட் வெள்ளி மட்டும் நீக்கப்படும். மற்ற நாள்கள் அப்படியே இருக்கும்.” எல்லா நாளையும் நீக்குவதற்கு வேறு பெட்டி, சிவப்புப் பட்டை, பெயரைத் தட்டச்சு செய்தால்தான் பொத்தானே திறக்கும். ‘ஓகே’ எங்கும் கிடையாது. ‘வெள்ளியை நீக்கு’, ‘எதையும் மாற்றாதே’. அவசரத்தில் என்டரைத் தட்டினால் எதுவும் மாறாது. சோதிக்க நல்லையாவின் பெயரைத்தான் போட்டேன். ஏன் போட்டேன்?

ஏற்றப் போகும்போது தேவதாஸ் விசாரணைக்கான அறிக்கையைக் காட்டினார். ‘உறுதி கேட்கப்பட்டது. ஊழியர் உறுதி செய்தார். மென்பொருளில் குறை இல்லை.’ நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“அந்தப் பழைய பெட்டி…”

“எந்தப் பழைய பெட்டி? வியாழக்கிழம அவங்க திறந்து பாத்தா உன் பெட்டிதானே இருக்கும்?”

அதற்குத்தான் இது. என் பெட்டி எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கமலவேணி அக்கா மாட்டிக்கொள்வார். இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் அமுக்கினாளே என்பார்கள்.

ஏற்றவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

9 செப்டம்பர்

அத்தாவிடம் சொன்னேன். மகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “வேல போயிரும்மா” என்றார். தெரியும் என்றேன். “விடியக்கால பஜ்ரு தொழுதுட்டுப் போ” என்றார்.

10 செப்டம்பர், வியாழன்

நிலைய மேலாளர், தேவதாஸ், ஜோகூரிலிருந்து வந்த நல்லையாவின் மகள். கமலவேணி அக்கா கடைசி நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு. புதுப் பெட்டி ஏறியிருக்கிறது என்றே தேவதாஸ் நினைத்திருந்தார்.

சோதனைக்கென்று வைத்திருக்கும் ஒரு பொய்ப் பெயரைத் திறந்தேன். ஒரு நாளைத் தொட்டேன். சாம்பல் பெட்டி வந்தது. நிச்சயமா?

“இதுதான் அன்னிக்கும் வந்தது” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

மகள் எழுந்து திரைக்குக் கிட்டே வந்தார். வாய்க்குள் வாசித்துப் பார்த்தார், வாசிக்க அதில் ஒரே சொல்.

“எங்கப்பா பேரு இதுல எங்கங்க வரும்?”

“வராதுங்க.”

“அப்புறம் எதக் கேக்குது இது?”

நான் ஓகே அமுக்கினேன். திரையில் இருந்த எல்லா நாளும் போயின.

கமலவேணி அக்கா அழுதார். மேலாளர் மட்டும், “இருந்தாலும், ஒரு தடவ சரி பாத்திருக்கலாம்” என்றார்.

14 செப்டம்பர்

வேலை போயிற்று. புதுப் பெட்டியை நான் செய்த வடிவத்திலேயே ஏற்றிவிட்டார்களாம். ஏறட்டும். யாருக்காவது உதவும்.

2 அக்டோபர்

கமலவேணி அக்காவைத் திரும்ப எடுக்கவில்லை. இரு பக்கமும் தவறு என்று முடிவாம். தேவதாஸின் ஒப்பந்தம் மட்டும் நீடிக்கிறது.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

17 நவம்பர், செவ்வாய்

தொழிலாளர் அலுவலகத்தில் கமலவேணி அக்கா கொடுத்த புகார் இன்று விசாரணைக்கு வந்தது. நான் சாட்சி. வர முடியுமா என்று ஒரு வரி அனுப்பியிருந்தார், அவ்வளவுதான்.

தாழ்வாரப் பெஞ்சில் இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார். வெகுநேரம் கூப்பிடவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல.

பிறகு பையைத் திறந்தார். வாழையிலையில் கட்டிய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலும், இரண்டு பொட்டலம். ஒன்றை நடுவில் வைத்தார்.

“சம்பல் ஒறைக்கும்” என்றார்.