உண்மை என்று வைத்துக்கொண்டால்

ஒக்டோபர் 12, ஞாயிறு

போட்டிப் பரீட்சை வகுப்பில் இன்றும் 'வாதம் வலுவானதா, வலுவற்றதா' என்ற அதே பகுதிதான் பிழையாய்ப் போனது. துறைமுகத்தை அண்டிய கடலில் மீன்பிடியைத் தடுக்க வேண்டுமா? வாதம்: ஆம், தடுத்தால் விபத்துகள் குறையும். வலுவற்றது என்று போட்டேன். கிட்டக் கடலை மூடிய பிறகுதான் அப்பா தூரக் கடலுக்குப் போனார். வள்ளம் கவிழ்ந்தது அங்கேதான்.

வகுப்பெடுக்கும் சேர் தாளைத் தட்டினார். "உண்மையோ எண்டு ஆராயாதேங்கோ. உண்மை எண்டு வைச்சுக்கொண்டு, முக்கியமான காரணமோ எண்டு மட்டும் பாருங்கோ."

விதி எனக்கும் பாடம். கைதான் கேட்கவில்லை. பஸ் ஏறிப் பாலையூற்றில் இறங்கி வீட்டுக்கு வந்தேன்.

சாப்பிடும்போது கணவர் தொடங்கினார். "பாஸ் பண்ணினாலும் தூரத்திலதான் வேலை போடுவாங்கள். பிள்ளையை ஆர் பார்க்கிறது? விடுமன் இதை."

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். குசினியில் கோப்பை கழுவும்போது, வேண்டுமென்றே, இவர் சொன்னதற்கும் சேரின் விதியைப் போட்டுப் பார்த்தேன். தூரத்தில்தான் போடுவார்கள். அது உண்மை என்றே வைத்துக்கொண்டேன். பிள்ளை முக்கியமான காரணம். வலுவான வாதம்.

இன்று நான் சரியாகப் போட்ட விடை அது ஒன்றுதான்.