விடு எண்டால் விடுற பெடியன்

1995 யூன் 5, திங்கள்

மழை. உதைபந்துப் பயிற்சி சேத்துக்குள்ளை. கையுறை இன்னும் காயேல்லை, பல்கனியிலை தொங்குது. மணக்குதாம், மனுசி பேச்சு.

கோச் இண்டைக்குச் சொல்லிப்போட்டார். எங்கடை ரீம் லின்னுக்குச் சனிக்கிழமை மட்ச்தான் கடைசிச் சோதினை. அமெரிக்காவிலை ஒரு பெரிய கிளப்பிலை இருந்து ஆள் பாக்க வருதாம். பிடிச்சால் ஒப்பந்தம். பிடிக்காட்டி விசா முடிய பெடியன் திரும்பச் சீனாவுக்கு. இருபது வயசு. அங்கை பள்ளிக்கூடத்தை விட்டுப்போட்டு கோலுக்கு முன்னாலை மறிக்கிற டிபெண்டராய் விளையாடினவன். வேறை தொழில் தெரியாது.

யூன் 7, புதன்

வெயில். பயிற்சிக்காக ஓவர்டைம் மாட்டன் எண்டிட்டன். சூப்பவைசர் உர்ர்.

எனக்கு அவசரத்திலை இங்கிலிஸ் வராது. லின்னுக்கு ஆறுதலாய் இருந்தாலும் வராது. அதாலை கோலுக்குள்ளை நிண்டு தமிழிலைதான் கத்திறது. "விடு" எண்டால் பந்து எனக்கு. "அடி" எண்டால் தூக்கி வெளியிலை. "ஆள்" எண்டால் பின்னாலை ஒருத்தன் வாறான். பெடியன் ஒருநாளும் பிசகினதில்லை. வெள்ளைக்காரக் கோச் சிரிக்கிறார்: "இந்த ரீமிலை நான்தான் வெளிநாட்டுக்காரன்."

யூன் 9, வெள்ளி

வாங்க: வாழைப்பழம், முழங்காலுக்குச் சுத்துற பட்டி, பால்.

எங்கடை மல்வேர்ன் பக்கத்துத் தமிழ்ச் சனம் நாளைக்கு மட்சுக்கு வருதாம். பக்கத்து வீட்டுக் குகன் அண்ணை வாடகைக்கு வான் ஒண்டே பிடிச்சிட்டார். "எங்கடை பெடியன் கோலிலை நிக்கிறான், பாக்காமல் இருக்கிறதோ?" பெடியனாம்! எனக்கு முன் தலை வழுக்கை. சந்தோசம்தான், ஏன் பொய்.

யூன் 10, சனி

நித்திரை வரேல்லை. சந்தோசத்திலை.

முதற்பாதி நாசம். எங்கடை சனம் என்ரை கோலுக்குப் பின்னாலை வந்து நிண்டுது. எல்லாரும் கோச். உயரப் பந்தொண்டு வந்துது. நான் "அடி!" எண்டன். அதே நேரம் பின்னாலை குகன் அண்ணை: "விடு! வெளியிலை போகுது, விடு!" அவர் தொண்டை என்ரையிலும் பெரிசு. லின் காலை எடுத்திட்டான். பந்து வலைக்குள்ளை. பாக்க வந்த ஆள் தலையை ஆட்டினார். லின் என்னைப் பாத்த பார்வை.

இடைவேளைக்கு ஓடிப்போய்க் கும்பிட்டன். "அண்ணை, ஒருத்தரும் தமிழிலை வாய் திறக்காதேங்கோ. அவன் சொன்னபடி செய்யிறவன். அவன்ரை வாழ்க்கை இது."

குகன் அண்ணைக்கு முகம் செத்துப்போச்சு. "ஐயோ, நானோ கெடுத்தன்?" பிறகு திரும்பிச் சனத்தைப் பாத்து, "பொத்துங்கோடா வாயை!"

இரண்டாம் பாதியிலை ஒரு சத்தமில்லை. கோயில் பூசையிலையும் எங்கடை சனம் இப்பிடி இருந்ததில்லை. குகன் அண்ணை தொப்பியை வாயிலை கவ்விக்கொண்டு. என்ரை குரல் மட்டும். அடி! ஆள்! அடி! விடு! ஒருத்தனையும் கிட்ட விடேல்லை லின். கோல் கோட்டிலை விழுந்து ஒண்டைக் காலாலை தட்டினான். எங்கடை ஆக்கள் ஒரு கோலைத் திருப்பிப் போட்டினம். முடியப்போற நேரம் எங்களுக்கு ஒரு கோர்னர் அடி. லின் தானாய் முன்னுக்கு ஓடினான், நான் ஒண்டும் சொல்லேல்லை. தலையாலை ஒரு போடு. கோல்! இரண்டுக்கு ஒண்டு.

அப்ப திறந்துதே சனத்தின்ரை வாய்! குகன் அண்ணை மதில் பாய்ஞ்சு வந்து லின்னைத் தூக்கினார். அழுகை. நானும்தான்.

யூன் 13, செவ்வாய்

கையெழுத்து வைச்சிட்டான்! ஒப்பந்தம்! இஞ்சை இருக்கிற லின்னின்ரை மாமா தன்ரை பேக்கரியிலை இருந்து பெட்டி பெட்டியாய் பணிஸ் கொண்டு வந்தார். குகன் அண்ணைக்குத் தனிப் பெட்டி. மனிசன் கூச்சத்திலை நெளிஞ்சார், ஆனால் பெட்டியை விடேல்லை.

யூலை 16, ஞாயிறு

அவியுது. ஏசி பழுது.

லின் போன். இங்கிலிஸ் கொஞ்சம் தேறியிட்டான். முதல் மட்ச் வெற்றி, ஒரு கோலும் விழேல்லையாம்! நான் வீட்டுக்குள்ளை துள்ள, கீழ்வீட்டுக்காரர் தடியாலை தட்டினம். தட்டட்டும்.

புதுக் கிளப்பிலை கோல்கீப்பர் வெள்ளைக்காரனாம். அவன் அவசரத்திலை கத்திறது லின்னுக்கு ஒண்டும் விளங்கேல்லையாம். "அப்ப என்னடா செய்தனி?" எண்டு கேட்டன். சிரிச்சுப்போட்டு அந்தாளிட்டைப் போனைக் குடுத்தான்.

அந்த மனிசன் தொண்டை கிழிய: "அடி! அடி! விடு!"